மைதானம் யாருடையது?



கால்பந்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சில தோழர்கள் சிரித்தார்கள். பஞ்சப்படி, போனஸ், நாள்கூலி, மனைப்பட்டா என்று பேச வேண்டிய விஷயங்கள் குவிந்து கிடக்கும்போது, இங்கிலாந்துக்காரன் உதைக்கிற பந்தைப் பற்றி நமக்கென்ன என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இங்கிலாந்தில் வாரந்தோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் கால்பந்து மைதானத்துக்குப் போகிறார்கள். பஸ் ஓட்டுகிறவர்கள் போகிறார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ்கள் போகிறார்கள். கிடங்கில் பெட்டி தூக்குகிறவர்கள் போகிறார்கள். பாட்டன் எந்தக் கிளப்பின் பக்கம் நின்றானோ, அதே கிளப்பின் பக்கம்தான் பேரனும் நிற்பான். வேலையை மாற்றுவான், ஊரை மாற்றுவான், கிளப்பை மட்டும் மாற்ற மாட்டான்.

அந்தக் கிளப்பை ஒருநாள் எங்கோ இருக்கும் ஒரு கோடீஸ்வரர் விலைக்கு வாங்குகிறார். ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. டிக்கெட் விலை ஏறுகிறது. நல்ல ஆட்டக்காரன் விற்கப்படுகிறான். கிளப்பின் தலையில் கடன் ஏறுகிறது. ஏன் என்று கேட்டால், "நீ வாடிக்கைக்காரன், பிடித்தால் வா, பிடிக்காவிட்டால் போ" என்பதுதான் பதிலாக இருக்கிறது.

இந்த அநியாயத்தை எதிர்த்து அந்த ஜனங்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். சில போராட்டங்கள் வென்றன. சில தோற்றன. எது வென்றது, எது தோற்றது, ஏன் என்று தெரிந்துகொள்வது, சங்கம் வைத்து நடத்துகிற நமக்கு உபயோகமான விஷயம். அதனால்தான் பேசுகிறோம்.

ஆலைத் தொழிலாளி வளர்த்த ஆட்டம்

லங்காஷயர் என்ற பெயர் நம் ஆலைத் தொழிலாளர்களுக்குப் புதிதல்ல. மான்செஸ்டர், பிளாக்பர்ன், போல்ட்டன், பர்ன்லி எல்லாம் அந்தக் காலத்துப் பஞ்சாலை நகரங்கள். 1888-ல் இங்கிலாந்தின் கால்பந்து லீக் தொடங்கியபோது அதில் சேர்ந்த 12 கிளப்புகளில் 6 லங்காஷயரைச் சேர்ந்தவை. இது தற்செயலாக நடந்ததா? இல்லை.

பத்து மணி நேர வேலைக்காக அந்த நாட்டுத் தொழிலாளர்கள் பல்லாண்டு கிளர்ச்சி செய்தார்கள். 1847-ல் அதற்கொரு சட்டம் வந்தது. அதில் முதலாளிகள் ஓட்டை கண்டுபிடித்தார்கள். 1850-ல் இன்னொரு சட்டம் வந்தது. பஞ்சாலைகளில் பெண்களும் இளம் தொழிலாளர்களும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குமேல் வேலை செய்யக் கூடாது என்று அது சொன்னது. பெண்களும் பிள்ளைகளும் வெளியே போனால் தறி ஓடுமா? ஆண்களும் வெளியே வந்தார்கள். சனிக்கிழமை பிற்பகல் தொழிலாளிக்குச் சொந்தமாயிற்று. அந்த அரை நாளில்தான் கால்பந்து வளர்ந்தது. இங்கிலாந்தில் சனிக்கிழமை 3 மணிக்கு ஆட்டம் தொடங்குவது என்ற வழக்கம் ஆலைச் சங்கு ஓய்ந்த பிறகு பிறந்த வழக்கம்.

அதற்கு முன்னால் இந்த ஆட்டம் யார் கையில் இருந்தது? சீமான் வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளிகளின் கையில் இருந்தது. தேசத்தின் பெரிய கோப்பையை அவர்களும் ராணுவ அதிகாரிகளும்தான் மாறிமாறி வென்றார்கள். 1883-ல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற குழு லண்டனுக்குப் போயிற்று. தறி ஓட்டியவர்கள், நூல் நூற்றவர்கள், இரும்பு வேலை செய்தவர்கள் அதில் இருந்தார்கள். எதிரே நின்றது ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். பல பிரதம மந்திரிகளைக் கொடுத்த பள்ளி அது. கூடுதல் நேரம் வரை போன அந்த ஆட்டத்தில் ஒலிம்பிக் 2-1 என்று வென்றது. வெற்றி கோலைப் போட்டவர் ஜிம்மி காஸ்ட்லி என்ற நூற்பாலைத் தொழிலாளி. அதன்பின் அந்தக் கோப்பை சீமான்களின் குழுக்களுக்குத் திரும்பவில்லை.

உடனே இன்னொரு சண்டை வந்தது. ஆட வருகிற தொழிலாளி அன்றைய கூலியை இழக்கிறான். அதை ஈடுகட்ட அவனுக்குப் பணம் கொடுக்கலாமா? கூடாது, விளையாட்டு அசுத்தமாகிவிடும் என்றார்கள் சொத்துள்ள கனவான்கள். வடக்கே இருந்த கிளப்புகள் பிரிந்து போவோம் என்று மிரட்டிய பிறகுதான் 1885-ல் அனுமதி கிடைத்தது.

இன்று உலகம் முழுவதும் பெயர் பெற்ற மான்செஸ்டர் யுனைட்டெடின் கதை என்ன? 1878-ல் நியூட்டன் ஹீத் என்ற இடத்தில் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள், வண்டி செய்கிறவர்கள், தொடங்கிய குழு அது. 1902-ல்தான் இப்போதைய பெயர் வந்தது. நம் கிராமத்துப் பையன் போட்டுக்கொண்டு திரிகிற அந்தச் சிவப்புச் சட்டைக்குப் பின்னால் ஒரு ரயில்வே பட்டறை இருக்கிறது.

வேலி உடைந்த விதம்

சீக்கிரத்திலேயே கிளப்புகள் கம்பெனிகளாகப் பதிவாயின. உள்ளூர் சாராய ஆலைக்காரர், மில் முதலாளி, பெரிய வியாபாரி டைரக்டர்களானார்கள். அவர்கள் தர்மப் பிரபுக்கள் அல்ல. ஆனால் ஒரு வேலி இருந்தது. கால்பந்துச் சங்கத்தின் விதிப்படி, பங்குதாரர் சிறு சதவீதத்துக்கு மேல் லாபம் எடுக்கக் கூடாது. டைரக்டர் சம்பளம் வாங்கக் கூடாது. கிளப்பைக் கலைத்து நிலத்தை விற்றுப் பணத்தைப் பையில் போட்டுக்கொள்ளவும் கூடாது. கிளப்பின் சொந்தக்காரன் அதற்குக் காவல்காரன் என்பதுதான் அந்த விதியின் சாரம்.

1983-ல் லண்டனின் டாட்டன்ஹாம் கிளப் ஒரு தந்திரம் செய்தது. கிளப்புக்கு மேலே இன்னொரு கம்பெனியை வைத்து, அந்தக் கம்பெனியின் பங்குகளைப் பங்குச் சந்தையில் விற்றது. விதி கிளப்பைக் கட்டுப்படுத்தும்; மேலே இருக்கிற கம்பெனியைக் கட்டுப்படுத்தாது! கால்பந்துச் சங்கம் இதைத் தடுக்கவில்லை. கதவு திறந்துவிட்டது. 1991-ல் மான்செஸ்டர் யுனைட்டெட் பங்குச் சந்தைக்குப் போயிற்று. 1992-ல் பிரீமியர் லீக் பிறந்தது. டெலிவிஷன் பணம் வெள்ளமாக வந்தது. பணம் இருக்கிற இடத்துக்குப் பணக்காரன் வராமல் இருப்பானா?

மான்செஸ்டர்: கழுத்திலே துண்டு, கையிலே டிக்கெட்

2005-ல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைட்டெடை வாங்கிற்று. விலை சுமார் 79 கோடி பவுன். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும் பகுதி கடன். அந்தக் கடனில் பெரும் பகுதி யார் தலையில் ஏறியது? வாங்கியவர் தலையில் அல்ல, வாங்கப்பட்ட கிளப்பின் தலையில்!

விவசாயத் தொழிலாளர்களுக்கு விளங்கும்படி சொல்கிறோம். ஒரு பெரிய மனிதர் நம் ஊர் ஏரியை விலைக்குக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் முழுப் பணம் இல்லை. அந்த ஏரியையே அடமானம் வைத்துக் கடன் வாங்கி ஏரியை வாங்குகிறார். பிறகு வட்டியை, அந்தத் தண்ணீர் பாய்கிற வயல்காரர்களிடம் வசூலிக்கிறார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். அதுவரை கடனில்லாமல் இருந்த கிளப், அன்றுமுதல் வருஷந்தோறும் கோடிக்கணக்கான பவுனை வட்டியாகக் கட்டி வந்தது.

ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். 2010-ல் ஒரு புதிய காட்சி தோன்றியது. கிளப்பின் நிறம் சிவப்பு. ஆனால் மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் பச்சையும் பொன்னிறமும் கலந்த துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நின்றார்கள். நியூட்டன் ஹீத் ரயில்வே தொழிலாளர்கள் அணிந்த நிறங்கள் அவை. "இது யார் வளர்த்த கிளப் தெரியுமா?" என்று அந்தத் துண்டு கேட்டது.

அழகான போராட்டம். ஆனால் முதலாளி அசையவில்லை. ஏன்? கழுத்திலே போராட்டத் துண்டு இருந்தது; கையிலே டிக்கெட்டும் இருந்தது. மைதானம் நிரம்பி வழிந்தது. உள்ளே வந்தவன் என்ன நிறத் துண்டு போட்டிருக்கிறான் என்று கல்லாப் பெட்டி பார்ப்பதில்லை. அவன் உரக்கக் கத்தினால் டெலிவிஷனில் ஆட்டம் இன்னும் சுவையாகத்தான் தெரியும்.

ரசிகனின் பலவீனமும் இதுதான். கன்றைக் காட்டிப் பால் கறப்பதுபோல, அவனுடைய பாசத்தைக் காட்டியே அவனிடம் கறக்கிறார்கள். கடைக்காரன் விலையை ஏற்றினால் அடுத்த கடைக்குப் போகலாம். கிளப்பை விட்டு எங்கே போவது?

2021 ஏப்ரல் 18-ம் தேதி இன்னொரு அக்கிரமம் நடந்தது. ஐரோப்பாவின் 12 பணக்காரக் கிளப்புகளின் சொந்தக்காரர்கள், சூப்பர் லீக் என்று தனியாக ஒன்றை அறிவித்தார்கள். அவற்றில் 6 இங்கிலாந்துக் கிளப்புகள். தொடங்கியவர்கள் எவ்வளவு மோசமாக ஆடினாலும் அதிலிருந்து வெளியே போக வேண்டியதில்லை. எளிய ஊரின் குழு திறமையால் மேலே ஏறி வரும் பாதை கிட்டத்தட்ட அடைபட்டுப் போகும். இங்கிலாந்து முழுவதும் ரசிகர்கள் ஒரே குரலில் எழுந்தார்கள். வாழ்நாள் முழுதும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருந்த கிளப்புகளின் ரசிகர்கள் ஒரே பக்கம் நின்றார்கள். லண்டனில் செல்சி ரசிகர்கள் தங்கள் கிளப்பின் பஸ்ஸையே தெருவில் மறித்தார்கள். 20-ம் தேதி இரவுக்குள் ஆறு கிளப்புகளும் பின்வாங்கின. இரண்டே நாள்!

மே 2-ம் தேதி மான்செஸ்டர் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்தார்கள். அன்று லிவர்பூலுடன் நடக்க வேண்டிய ஆட்டம் ஒத்திப்போடப்பட்டது. ஆனால் அன்று ஒரு சிலர் புட்டிகளை வீசினார்கள். போலீஸ்காரர்கள் காயம் பட்டார்கள். மறுநாள் பத்திரிகைகளில் கடனும் வட்டியும் பின்னுக்குப் போய்விட்டன; புட்டிதான் முன்னால் நின்றது. கட்டுப்பாடு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பிளாக்பர்ன்: சொந்தக்காரர் நம் நாட்டவர்

அமெரிக்கன் வந்ததால்தான் தொல்லை, அந்நியன் வந்ததால்தான் தொல்லை என்று அங்கே பேசுகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. பிளாக்பர்னைப் பாருங்கள். அதே நெசவாலை நகரம். அங்கே பிளாக்பர்ன் ரோவர்ஸ் என்ற கிளப், 1888-ல் லீக்கைத் தொடங்கிய பன்னிரண்டில் ஒன்று. 1995-ல் நாட்டின் முதல் இடத்தைப் பிடித்த கிளப். 2010 நவம்பரில் இதை வாங்கியவர்கள் யார்? புனே நகரத்து வெங்கீஸ். கோழிப் பண்ணைத் தொழிலில் நம் நாடு முழுதும் தெரிந்த பெயர்.

வாங்கி ஒரு மாதத்துக்குள் குழுவின் மேனேஜரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2012-ல் கிளப் மேல் லீக்கிலிருந்து கீழே விழுந்தது. கீழே விழுவது உறுதியான ஆட்டத்தில் ரசிகர்கள், கிளப்பின் கொடியைப் போர்த்தி ஒரு உயிருள்ள கோழியை மைதானத்துக்குள் விட்டார்கள். உலகமே சிரித்தது. விட்டவர்கள் சிரிக்கவில்லை.

உண்மையை முழுதும் சொல்ல வேண்டும். இந்தச் சொந்தக்காரர்கள் கிளப்பைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போனதாகச் சொல்ல முடியாது. கிளப்பின் நஷ்டத்தை ஈடுகட்ட வருஷா வருஷம் தங்கள் பணத்தைப் போட்டார்கள். அப்படியானால் ஜனங்களுக்கு ஏன் கோபம்? ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் முடிவு செய்கிறார்கள்; யாரிடமும் கலந்து பேசுவதில்லை; கேள்வி கேட்டால் பதில் இல்லை என்பதுதான் கோபம். எடுக்கிறவன் கெட்டவன், கொடுக்கிறவன் நல்லவன் என்று கணக்கு முடிந்துவிடுவதில்லை. கொடுக்கிறவனுக்கும் மனம் மாறும், தொழில் நொடிக்கும். அன்றைக்குக் கிளப்பின் கதி என்ன? ஒரு ஊரின் பொக்கிஷம் ஒரு குடும்பத்தின் தயவில் தொங்கிக்கொண்டிருக்கலாமா?

பிளாக்பூல்: காலி நாற்காலிகள்

இப்போது வென்ற கதையைச் சொல்கிறோம்.

பிளாக்பூல், லங்காஷயர் கடற்கரையில் இருக்கிற ஊர். வருஷத்தில் ஒரு வாரம் ஒவ்வொரு ஆலை நகரமும் முறைவைத்து ஆலையை மூடும். அந்த வாரம் தொழிலாளி பெண்டு பிள்ளைகளோடு ரயிலேறிக் கடல் பார்க்கப் போன ஊர் இதுதான். இந்தச் சிறிய ஊரின் கிளப் 2010-ல் மேல் லீக்குக்கு ஏறியது. ஒரே வருஷம்தான் அங்கே இருந்தது. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் இதுவரை காணாத பணம் வந்தது.

பணம் என்ன ஆயிற்று? கிளப் ஓய்ஸ்டன் குடும்பத்தின் கையில் இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் ஓவன் ஓய்ஸ்டனுடைய கம்பெனிக்கு டைரக்டர் சம்பளம் என்ற பெயரில் 1 கோடியே 10 லட்சம் பவுன் போயிற்று. ஆட்டக்காரர்கள் போனார்கள். 2015-ல் கிளப் மூன்றாம் படிக்கு விழுந்தது. 2016-ல் நான்காம் படிக்கு விழுந்தது. குறை சொல்லி எழுதிய ரசிகர்கள் மீது மானநஷ்ட வழக்குகள் பாய்ந்தன. தாங்கள் நேசிக்கிற கிளப்பின் சொந்தக்காரர்களுக்கே நஷ்டஈடு கட்ட வேண்டிய நிலைமை சிலருக்கு வந்தது.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? 2015 மே மாதம், அந்த வருஷத்தின் கடைசி ஆட்டத்தின்போது களத்துக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டம் பாதியில் கைவிடப்பட்டது. அத்தோடு நிற்கவில்லை. "இனி ஒரு காசு கூடக் கிடையாது" என்ற கோஷத்தை வைத்தார்கள். டிக்கெட் வாங்க மாட்டோம், சட்டை வாங்க மாட்டோம், மைதானத்துக்குள் ஒரு கோப்பைத் தேநீர்கூட வாங்க மாட்டோம்! ரசிகர்களின் சங்கம் அங்கத்தினர்களைச் சேர்த்தது. மைதானத்துக்கு வெளியே கூட்டம் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். ஆட்ட நேரம் வந்ததும் உள்ளே போகாமல் திரும்பினார்கள்.

இது சுலபமா? முப்பது நாற்பது வருஷமாக ஒரு சனிக்கிழமை தவறாமல் போனவன், வாசல்வரை போய்த் திரும்ப வேண்டும். உள்ளே கோல் விழுந்த சத்தம் கேட்கும். அப்பன் போக மாட்டேன் என்பான். மகன் போவேன் என்பான். போனவர்களும் இருந்தார்கள்; குழுவைக் கைவிடக் கூடாது என்பது அவர்கள் வாதம். வீட்டுக்குள்ளேயே மனஸ்தாபம் வந்தது. வேலைநிறுத்தம் செய்த நமக்கு இந்த வேதனை தெரியாதா? 2017-ல் அந்தக் குழு லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் முக்கியமான ஆட்டம் ஒன்று ஆடி வென்று மேலே ஏறியது. வேறு வருஷமாக இருந்தால் ஊரே காலியாகி லண்டன் போயிருக்கும். அன்று பெரும்பாலோர் வீட்டிலிருந்தார்கள்.

இதே காலத்தில் இன்னொரு சண்டையும் நடந்தது. கிளப்பின் மற்றொரு பங்குதாரர், லாட்வியா நாட்டுப் பணக்காரர் பெலோகான், கோர்ட்டுக்குப் போனார். 2017 நவம்பரில் தீர்ப்பு வந்தது. கிளப்பின் பணம் முறையற்ற விதத்தில் உருவப்பட்டது என்று நீதிபதி சொன்னார். அவருடைய பங்குகளுக்கு 3 கோடியே 10 லட்சம் பவுனுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ரசிகன் தெருவில் நின்று சொன்னதையே கோர்ட்டும் சொல்லிற்று. ஆனால் வழக்குப் போட முடிந்தது யாரால்? பங்கு வைத்திருந்தவரால். ஐம்பது வருஷம் மழையிலும் குளிரிலும் நின்றவனுக்குக் கோர்ட்டில் நிற்க இடம் இல்லை. சட்டத்தின் கண்ணுக்குப் பங்குப் பத்திரம் தெரிகிறது, பாசம் தெரிவதில்லை.

கோர்ட்டுக் கடன் ஒரு பக்கம் நெருக்கிற்று. காலி நாற்காலிகள் மறு பக்கம் நெருக்கின. கடன் முழுதும் கட்டப்படவில்லை. 2019 பிப்ரவரியில் கோர்ட் ரிசீவரை நியமித்தது. ஓய்ஸ்டன் வெளியே போனார். நாலு வருஷத்துப் போராட்டம்! அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது வெறும் பேச்சல்ல.

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால், கவனிப்பாரற்றுக் கிடந்த மைதானத்தை ரசிகர்களே துடைத்துக் கழுவினார்கள். மார்ச் 9-ம் தேதி, சவுத்தெண்ட் குழுவோடு ஆட்டம். சில ஆயிரம் பேர் மட்டும் வந்துகொண்டிருந்த இடத்தில் அன்று 15,871 பேர். ஆட்டம் 2-2 என்று சமமாக முடிந்தது. முதியவர்கள் கண்ணீர் விட்டார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

தோழர்களே, இவற்றிலிருந்து சில விஷயங்கள் தெளிவாகின்றன.

முதலாவது, கோபம் இருந்தால் மட்டும் போதாது. முதலாளிக்கு எங்கே வலிக்கும் என்று தெரிய வேண்டும். மான்செஸ்டரில் கோபம் குறைவாகவா இருந்தது? ஆனால் பணம் நிற்கவில்லை. பிளாக்பூலில் பணம் நின்றது.

இரண்டாவது, கோரிக்கை எல்லோருக்கும் விளங்க வேண்டும். 2016 பிப்ரவரியில் லிவர்பூல் கிளப் ஒரு டிக்கெட் 77 பவுன் என்று அறிவித்தது. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? சண்டர்லாந்துடன் ஆட்டம் நடந்தபோது, சரியாக 77-வது நிமிஷத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். சின்னக் குழந்தைக்கும் அர்த்தம் புரிந்தது. சில நாட்களில் கிளப் அந்த விலையை வாபஸ் வாங்கியது. அங்கே 2008 முதலே ரசிகர்கள் முறையாக ஒரு யூனியன் கட்டி வைத்திருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. பத்தாயிரம் பேர் ஒரே நிமிஷத்தில் எழுந்திருப்பது தானாக நடக்கிற காரியமா?

மூன்றாவது, ஐக்கியம். சூப்பர் லீக் இரண்டு நாளில் ஏன் செத்தது? எதிரிக் கிளப்பின் ரசிகனும் நம்மவன்தான் என்று அந்த இரண்டு நாள் எல்லோரும் உணர்ந்தார்கள். ஜெர்மனியிலும் இதுதான் நடந்தது. அங்கே லீக்கின் டெலிவிஷன் வருமானத்தில் 8 சதவீதத்தை 20 வருஷத்துக்கு ஒரு முதலீட்டுக் கம்பெனிக்கு விற்க 2023 டிசம்பரில் கிளப்புகள் ஓட்டுப் போட்டன. நாடெங்கும் எல்லாக் கிளப் ரசிகர்களும் களத்துக்குள் டென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். ஒருவர் மேலும் அடி விழாத ஆயுதம். பொறுக்கி முடிக்கவே கால் மணி நேரம் ஆகும்! 2024 பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது.

நாலாவது விஷயம்தான் முக்கியமானது. ஒரு முதலாளியை விரட்டினால் பிரச்னை தீர்ந்துவிடுகிறதா? பிளாக்பூலை அடுத்து வாங்கியவர் அந்த ஊரிலேயே பிறந்த பணக்காரர், ரசிகர். ஊரார் மகிழ்ந்தார்கள், மகிழ்ந்ததில் தப்பில்லை. ஆனால் சாவி இன்னமும் ஒருவர் பையில்தான் இருக்கிறது. மான்செஸ்டரில் 2024-ல் இன்னொரு கோடீஸ்வரர் நாலில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினார். பெரும்பான்மை ஓட்டுரிமை பழைய குடும்பத்திடமே இருந்தது. நல்ல சொந்தக்காரர் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது, நல்ல பண்ணையார் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது போலத்தான்.

வேறு வழி உண்டா? உண்டு. ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில், ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் அங்கத்தினர்கள் கையில் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதில் விதிவிலக்குகளும் ஓட்டைகளும் உண்டு. ஆனாலும் வேலி நிற்கிறது. இங்கிலாந்திலும் ஜனங்கள் கைகட்டி நிற்கவில்லை. 2005-ல் மான்செஸ்டர் ரசிகர்களில் ஒரு பகுதியினர் வெளியேறி, ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்று தங்களுக்கென்றே ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். பத்து வருஷத்தில் சொந்த மைதானம் கட்டினார்கள். லண்டனில் 2002-ல் விம்பிள்டன் கிளப்பை அதன் சொந்தக்காரர்கள் வேறு ஊருக்கே தூக்கிக்கொண்டு போகக் கால்பந்துச் சங்கம் நியமித்த மூவர் குழு அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் பொது மைதானத்தில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, அடிமட்டத்திலிருந்து புதிய கிளப்பைத் தொடங்கினார்கள். 2011-ல் லீக்குக்குத் திரும்பினார்கள். 2020 நவம்பரில், பழைய மைதானத்தின் அருகிலேயே தங்கள் சொந்த மைதானத்துக்குத் திரும்பினார்கள். மைதானக் கட்டுமானத்துக்கு ரசிகர்கள் கொடுத்த கடன் மட்டும் 50 லட்சம் பவுனுக்கு மேல்.

இந்தக் கிளப்புகள் பெரிய கோப்பைகளை வெல்லவில்லை. பணத்துக்குத் திண்டாடுகின்றன. உள்ளே சண்டை சச்சரவும் வருகிறது. எங்கே கூட்டுறவு இருக்கிறதோ அங்கே சச்சரவும் இருக்கும். நம் சங்கங்களில் இல்லையா? ஆனால் அந்தச் சச்சரவைத் தீர்ப்பது அங்கத்தினர் ஓட்டு. எங்கோ இருக்கிற ஒருவருடைய கையெழுத்து அல்ல.

இந்தப் போராட்டங்களின் பலனாக, இங்கிலாந்தில் 2025 ஜூலையில் ஒரு சட்டம் வந்தது. கிளப்புகளுக்கு லைசென்ஸ் கொடுக்கத் தனியாக ஒரு அமைப்பு வந்திருக்கிறது. புதிதாக வாங்க வருகிறவரை அது சோதிக்கும். மைதானத்தை விற்கவோ ஊரை மாற்றவோ அதன் அனுமதி வேண்டும். ரசிகர்களைக் கலந்து பேசுவது கட்டாயம். பிரிவினை லீக்குகளுக்குத் தடை போடவும் வழி உண்டு. இது சர்க்கார் மனமிரங்கிக் கொடுத்த பிச்சை அல்ல. துண்டு கட்டியவர்கள், பஸ்ஸை மறித்தவர்கள், 77-வது நிமிஷத்தில் எழுந்தவர்கள், நாலு வருஷம் வாசலில் நின்றவர்கள் வாங்கிய சட்டம். ஆனால் இதிலும் ரசிகனுக்குக் கிடைத்தது கலந்து பேசும் உரிமை. சொந்தக்காரர் யார் என்று முடிவு செய்யும் ஓட்டு அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே போராட்டம் முடியவில்லை.

நம் ஊரில் தேர் யாருடையது என்று கேட்டால் என்ன சொல்வோம்? வடம் பிடித்தவர்கள் எல்லோருடையதும் என்போம். சனிக்கிழமை அரை நாளைப் போராடி வாங்கி, அந்த அரை நாளில் ஒரு ஆட்டத்தை வளர்த்த லங்காஷயர் ஆலைத் தொழிலாளியின் பேரப் பிள்ளைகள் கேட்பதும் இதைத்தான். வடம் பிடித்தோம், தேர் நிலைக்கு வந்தது, அப்புறம் ஒருவர் ஏறி உட்கார்ந்து எங்களையே கட்டணம் கேட்கிறார் என்கிறார்கள்.

தோழர்களே, அவர்களுடைய கிளப் எது, சட்டை நிறம் எது என்பது நமக்கு வேண்டாம். வீட்டில் பையன் போன் திரையில் அந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். அந்த ரயில்வே பட்டறையைச் சொல்லுங்கள். நூற்பாலைத் தொழிலாளி போட்ட கோலைச் சொல்லுங்கள். பிளாக்பூலின் காலி நாற்காலிகளைச் சொல்லுங்கள். அவன் கேள்வி கேட்பான். அந்தக் கேள்விகளோடு அவனை நம் சங்கக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள்.